பூட்டை மாற்றினால் மட்டும் போதுமா?

சாஃப்ட்வேர் இன்ஜினியராக வேலை பார்ப்பதால், புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "அப்டேட் செய்துவிட்டேன், இனி பயமில்லையே?" அப்டேட் அவசியம்தான். ஆனால் அதற்குப் பிறகும் ஒரு வேலை மீதம் இருக்கலாம். 2023-ல் நடந்த ஒரு சம்பவத்தின் மூலம் அதைப் பார்ப்போம்.

கேட்வே என்றால் என்ன?

வீட்டிலிருந்தபடியே ஆபீஸ் கம்ப்யூட்டரில் வேலை செய்யும் வசதிக்கு ரிமோட் ஆக்சஸ் என்று பெயர். ஆபீஸ் நெட்வொர்க்கின் வாசலில் நின்று, வருபவர் யார் என்று சரிபார்த்து உள்ளே விடுவதுதான் கேட்வே. யூசர் நேம், பாஸ்வேர்டு, ஓடிபி ஆகியவற்றைக் கொடுத்ததும், அது உங்கள் பிரவுசருக்கு ஒரு நீண்ட ரகசியக் குறியீட்டைத் தரும். இதுவே செஷன் டோக்கன். அதன் பிறகு ஒவ்வொரு கிளிக்குக்கும் பாஸ்வேர்டு கேட்காது. டோக்கனைப் பார்த்தே உள்ளே விடும். சைக்கிள் ஸ்டாண்டு டோக்கன் போலத்தான். யார் கையில் டோக்கன் இருக்கிறதோ, அவரிடம் வண்டி போய்விடும்.

எங்கே ஓட்டை?

சிட்ரிக்ஸ் நிறுவனத்தின் நெட்ஸ்கேலர் கேட்வேயில் இருந்த ஓட்டைக்கு 'சிட்ரிக்ஸ் பிளீட்' என்று பெயர். இந்த கேட்வே ஒரு வகைப் பதிலைத் தயாரிக்கும்போது, கேட்டவர் அனுப்பிய தள முகவரியையும் அதில் சேர்த்து எழுதும். அதற்காக மெமரியில் 1,31,072 பைட் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஒருவர் வேண்டுமென்றே மிக நீளமான முகவரியை அனுப்பினால், பதில் அந்த இடத்தில் அடங்காது. அடங்கிய வரைதான் எழுதப்படும். ஆனால் அனுப்பும்போது, முழுப் பதிலுக்கு எவ்வளவு நீளம் தேவையோ அவ்வளவு மெமரியை கேட்வே அனுப்பிவிட்டது. ஒதுக்கிய இடத்துக்கு அடுத்து இருந்தவையும் சேர்ந்தே வெளியேறின. அவற்றில் மற்றவர்களின் செஷன் டோக்கன்களும் இருந்தன! இப்படிக் கேட்பதற்குப் பாஸ்வேர்டு எதுவும் தேவைப்படவில்லை.

பேட்ச் போட்ட பிறகு

2023 அக்டோபர் 10 அன்று சிட்ரிக்ஸ் இதற்கான பேட்சை வெளியிட்டது. ஆனால் ஆகஸ்ட் மாதமே இந்த ஓட்டை பயன்படுத்தப்பட்டதை மாண்டியன்ட் நிறுவனம் பின்னர் கண்டறிந்தது. பேட்ச் போட்டதும் ஓட்டை அடைபட்டது. ஏற்கெனவே திருடு போன டோக்கன்களோ தொடர்ந்து செல்லுபடியாயின. டோக்கனை வைத்திருப்பவர் பாஸ்வேர்டும் ஓடிபியும் இல்லாமலே நுழையலாம். எனவே, பேட்ச் போடுவதுடன் நடப்பிலுள்ள செஷன்கள் அனைத்தையும் முடித்துவிட வேண்டும் என்று அறிவுறுத்தப்பட்டது. அமெரிக்காவின் காம்காஸ்ட் நிறுவனத்தில் அக்டோபர் 16 முதல் 19 வரை இந்த ஓட்டை வழியே அந்நியர்கள் நுழைந்தனர். பாதிக்கப்பட்டவர்கள் 3 கோடியே 58 லட்சத்துக்கும் அதிகம்.

நாம் என்ன செய்ய வேண்டும்?

உங்கள் ஈமெயிலும் வாட்ஸ்அப்பும் இதே போன்ற டோக்கன் முறையில்தான் இயங்குகின்றன. பாஸ்வேர்டை மாற்றினால் சில தளங்கள் மற்ற கம்ப்யூட்டர்களைத் தாமே லாக் அவுட் செய்துவிடும். எல்லாத் தளங்களும் அப்படிச் செய்வதில்லை. சந்தேகம் வந்தால் இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. விண்டோஸ், பிரவுசர் இரண்டையும் அப்டேட் செய்யுங்கள்.

2. பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

3. கூகுள் அக்கவுன்ட்டில் செக்யூரிட்டி பகுதிக்குச் சென்று, 'யுவர் டிவைசஸ்' பட்டியலைப் பாருங்கள். உங்களுடையது அல்லாததை சைன் அவுட் செய்யுங்கள்.

4. வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியைத் திறந்து, தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால் லாக் அவுட் செய்யுங்கள்.

5. பிரவுசிங் சென்டரிலோ நண்பர் வீட்டிலோ மெயில் பார்த்தால், விண்டோவை மூடுவதோடு நிறுத்தாமல் லாக் அவுட் செய்துவிட்டு எழுந்திருங்கள்.

அப்டேட் செய்வது பூட்டை மாற்றுவது போன்றது. உள்ளே ஏற்கெனவே நுழைந்தவரை வெளியே அனுப்ப லாக் அவுட் பட்டன்தான் வேண்டும்.