கையால் சால்டர் வைக்கப்போகும் பிள்ளைகளுக்கு

புதிதாக பிசிபி வரையத் தொடங்கியிருக்கிறீர்கள். மென்பொருள் தரும் பேட் அளவுகள் பெரும்பாலும் ரீஃப்ளோ அடுப்புக்காக வகுக்கப்பட்டவை. அடுப்பில் போர்டு முழுவதும் ஒன்றாகச் சூடாகும். உங்களிடம் இருப்பது அயர்னின் ஒரு நுனிதான். எல்இடி வைக்கும் பேட்டில் அது தொட இடம் வேண்டும்.

1. பேட்டை வெளிப்பக்கமாக நீட்டுங்கள். 0805 எல்இடியின் நீளம் 2 மி.மீ., அகலம் 1.25 மி.மீ. இரு முனைக்கும் அப்பால் ஏறக்குறைய 0.6 மி.மீ. செம்பு வெளியே தெரியட்டும். நுனி அந்தச் செம்பில் உட்கார்ந்தால் பேட் சூடேறி, உருகிய சால்டர் எல்இடியின் உலோக முனையில் தானே ஏறிக்கொள்ளும். இடமில்லாவிட்டால் எல்இடியின் உடம்பில்தான் அயர்ன் படும். மேலுள்ள ரெசின் கருகும். உள்ளே மயிரிழையைவிட மெல்லிய இணைப்புக் கம்பி அறுந்துபோகும். உட்பக்கமாக நீட்டாதீர்கள். உடம்புக்கு அடியில் ஷார்ட் ஆனால் கண்ணுக்குத் தெரியாது. கிகேட் மென்பொருளின் நூலகத்தில் ‘ஹேண்ட்சால்டர்’ என்று முடியும் ஃபுட்பிரிண்டுகள் இதற்காகவே உள்ளன.

2. பேட்டின் அகலம் எல்இடியைவிடச் சற்றே கூடினால் போதும். மிஞ்சினால் எல்இடி சால்டரில் மிதந்து கோணலாக நிற்கும்.

3. கிரவுண்டு செம்புப் பரப்போடு பேட்டை முழுதாக ஒட்டவிடாதீர்கள். எல்இடியின் எதிர்முனையான கேத்தோடு பெரும்பாலும் கிரவுண்டுக்குத்தான் போகும். அந்தப் பரப்பு சூட்டையெல்லாம் இழுத்துக்கொள்ளும். சால்டர் உருகவில்லையே என்று நீங்கள் அயர்னைப் பிடித்துக்கொண்டே இருப்பீர்கள். எல்இடி டேட்டாஷீட்கள் பலவும் கையால் வைக்கும்போது 350 டிகிரிக்கும் 3 விநாடிக்கும் மேல் கூடாது என்கின்றன. மெல்லிய நான்கு கால்களால் இணைக்கும் தெர்மல் ரிலீஃப் இங்கே கட்டாயம்.

4. பேட்டுக்குள் வியா வேண்டாம். சால்டர் அந்தத் துளை வழியே இறங்கிவிடும்.

5. கேத்தோடு குறியை எல்இடியின் உடம்புக்கு வெளியே அச்சிடுங்கள். பொருத்திய பிறகும் தெரிய வேண்டும். எல்இடியின் மேலுள்ள குறியை நம்பிவிடாதீர்கள், அது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். டேட்டாஷீட்டைப் பாருங்கள். மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்துத் தொட்டால், மங்கலாக எரியும்போது கறுப்பு ஒயர் படும் பக்கம் கேத்தோடு. நீலமும் வெள்ளையும் சில மீட்டர்களில் எரியாது.

6. அயர்ன் சாய்வாகத்தான் வரும். பேட்டின் வெளிப்பக்கத்தில் உயரமான கபாசிட்டரை நிறுத்தினால் நுனி உள்ளே போகாது.

7. அடிவயிற்றில் வெப்பப் பேட் உள்ள பவர் எல்இடிகளை அயர்னோடு அணுகாதீர்கள். அவற்றுக்கு ஹாட் பிளேட்தான் சரி. முதல் போர்டுக்கு 0805 போதும். அதைவிடச் சிறிய 0402 பக்கம் இப்போது போக வேண்டாம்.

8. ஆர்டர் கொடுக்கும் முன் வரைபடத்தை அசல் அளவில் தாளில் அச்சிட்டு, எல்இடியை ட்வீசரால் எடுத்து அதன்மேல் வைத்துப் பாருங்கள். இரு பக்கமும் பேட் வெளியே தெரியவில்லை என்றால் அந்த ஃபைலை அனுப்பாதீர்கள்.