ராமேஸ்வரம் ட்ரிப்பும் வீட்டு ஃபேனும்: இயற்கைக்கு நல்லது, பர்ஸுக்கு?

"சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னா செலவு கூடத்தான் செய்யும்"னு நிறைய பேர் நினைக்கிறாங்க. சிலதுல உண்மை, சிலதுல நேர் எதிர். ரெண்டு கணக்கு பார்ப்போம்.

லீவுக்கு நரிக்குடியிலிருந்து ராமேஸ்வரம் போறீங்கன்னு வைங்க. காரில் போக வர கிட்டத்தட்ட 250 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர்னா 17 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய்னு வெச்சாலே 1,700 ரூபாய் போச்சு. ஒரு லிட்டர் எரிஞ்சா சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும்; ஆக மொத்தம் 39 கிலோ.

விருதுநகர் - மானாமதுரை பாதையில நரிக்குடிக்கே ஸ்டேஷன் இருக்கு. மானாமதுரையில் வண்டி மாறி, 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்து மேலேயே போகலாம். (பசங்களுக்கு அதுவே பாதி டூர்!) நாலு பேருக்கு சாதாரண டிக்கெட் எடுத்தா பெட்ரோல் காசுல பாதிகூட ஆகாது. ரயில் நேரத்தை மட்டும் முன்னாடியே பார்த்துக்கோங்க. கனெக்‌ஷன் வண்டியை விட்டா ஸ்டேஷன்லயே உட்கார வேண்டியதுதான்.

வீட்டுக் கணக்கு வேற மாதிரி. 75 வாட் பழைய ஃபேனுக்குப் பதிலா 30 வாட் பிஎல்டிசி ஃபேன் போட்டு, தினம் 12 மணி நேரம் ஓட்டினா ரெண்டு மாசத்துல 32 யூனிட் மிச்சம். ஆனா தமிழ்நாட்ல வீடுகளுக்கு ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். உங்க உபயோகமே 100க்குள்ளன்னா, பில்லுல ஒரு பைசா குறையாது. பழசு ஓடுற வரைக்கும் ஓடட்டும். 300, 400 யூனிட் போற வீடுன்னா, ராத்திரி முழுக்க ஓடுற பெட்ரூம் ஃபேனை முதல்ல மாத்துங்க. ஹால்ல எப்பவாவது சுத்துறதை அப்புறம் பார்த்துக்கலாம்.