ஒரே கேபிளில் இரண்டு நெட்வொர்க்

பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸும் ஆஸ்டரிஸ்க்கும் நிறுவி, அதையே டெலிபோன் எக்ஸ்சேஞ்சாகப் பயன்படுத்தும் சிறு அலுவலகங்கள் உண்டு. நானும் அப்படி ஒன்றைப் பராமரித்து வருகிறேன். அதில் இரண்டு வகை டிராஃபிக் ஓடும். ஒன்று போன்களின் குரல். மற்றொன்று எஸ்எஸ்ஹெச், பிரவுசர் மூலம் நாம் செட்டிங்குகளை மாற்றும் நிர்வாக டிராஃபிக். இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால், வரவேற்பறை போனைக் கழற்றிவிட்டு லேப்டாப்பை மாட்டுபவருக்கும் நிர்வாகப் பக்கம் கிடைத்துவிடும். பாஸ்வேர்டு பலவீனமாக இருந்தால் அவர் பேசும் வெளிநாட்டு அழைப்புகளுக்கு நீங்கள்தான் பில் கட்ட வேண்டும்!

இரண்டு நெட்வொர்க் கார்டுகள் இருந்தால் ஆளுக்கொன்றாகப் பிரித்துவிடலாம். ஒன்றுதான் உள்ளதா? விலான் எனப்படும் வர்ச்சுவல் லான் கைகொடுக்கும். 1998ல் வெளியான 802.1கியூ தரத்தின்படி, ஈதர்நெட் ஃபிரேமில் 4 பைட் டேக் ஒன்று சேர்க்கப்படுகிறது. அதில் 12 பிட்கள் விலான் எண்ணுக்கு. 1 முதல் 4094 வரை தரலாம். நான் நிர்வாகத்திற்கு 10, குரலுக்கு 20 என்று வைத்தேன். ஈத்0 கார்டின் மேல் ஈத்0.10, ஈத்0.20 என இரு இன்டர்ஃபேஸ்களை உருவாக்கி, 192.168.10.2, 192.168.20.2 என்று முகவரி தந்தேன். ஸ்விட்சில் சர்வர் போர்ட்டில் இரண்டு விலான்களும் டேக்குடன் வர வேண்டும். போன் போர்ட்டுகளில் 20 மட்டும், டேக் இல்லாமல். இதற்கு விலான் வசதியுள்ள ஸ்விட்ச் தேவை. சர்வரில் மானிட்டரையும் கீபோர்டையும் மாட்டிக்கொண்டு செய்யுங்கள். பாதியில் இணைப்பு அறுந்தால் எஸ்எஸ்ஹெச் உதவாது.

இத்துடன் வேலை முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். லினக்ஸோ ஐபி முகவரியைக் கம்ப்யூட்டர் முழுவதற்கும் உரியதாகவே பார்க்கிறது. எனவே 20ல் இருக்கும் ஒருவர், 192.168.10.2க்கான பாக்கெட்டை 192.168.20.2 வழியாக அனுப்பினால் அது ஏற்கப்படும். எஸ்எஸ்ஹெச்சை 10ன் முகவரிக்கு மட்டும் ஒதுக்கியிருந்தாலும் இதே கதைதான். ஃபயர்வாலில் இன்டர்ஃபேஸ் பெயரைக் குறிப்பிட்டுத் தடுப்பதே சரியான வழி. ஈத்0.20ல் சிப் பயன்படுத்தும் யுடிபி 5060, குரலுக்கான யுடிபி 10000 முதல் 20000 வரை, சர்வரே முகவரி வழங்கினால் டிஹெச்சிபி ஆகியவற்றை மட்டும் அனுமதித்து, மற்றதை அடைத்துவிடுங்கள்.

விலான் பிரித்தால் குரல் தெளிவாகும் என்பதும் பாதி உண்மையே. முன்னுரிமை தருவது டேக்கில் உள்ள வேறு 3 பிட்கள். அதை ஸ்விட்சில் தனியாக இயக்க வேண்டும்.

முடித்தபின் போன் போர்ட்டில் லேப்டாப்பை மாட்டி, 192.168.10.2க்கு 192.168.20.2 வழியாக ரூட் சேர்த்து, எஸ்எஸ்ஹெச் முயன்று பாருங்கள். பதில் எதுவும் வரக்கூடாது.