நாய், பூனைக்கு ஊசிமுனை மருத்துவமும் கைமருந்தும்



வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் ஆட்டுப்பட்டிக்கும் களத்துமேட்டுக்கும் காவல் நாய். தானியம் சேமிக்கும் அறையில் எலிக்குப் பூனை. இவற்றுக்கு நோய் வந்தால் முதலில் கைமருந்தையே நாடுகிறோம். அண்மைக்காலமாக அக்குபங்சர் எனும் ஊசிமுனை மருத்துவத்தைப் பற்றியும் பலர் கேட்கின்றனர். எது எதற்குப் பயன்படும் என அறிதல் நலம்.

ஊசிமுனை மருத்துவம்

இது சீன நாட்டில் தோன்றிய முறை. மருந்து ஏற்றாத மெல்லிய ஊசிகளை உடலின் குறிப்பிட்ட இடங்களில் செருகிச் சிறிது நேரம் விட்டு எடுப்பர். இதனால் நரம்புகள் தூண்டப்பட்டு, வலியைத் தணிக்கும் பொருள்கள் உடலிலேயே சுரக்கின்றன. கால்நடை மருத்துவர்களுக்கு இதனைக் கற்பிக்கும் பன்னாட்டுச் சங்கம் 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அமைக்கப்பட்டது.

வயதான நாயின் மூட்டுவலி, முதுகுவலி ஆகியவற்றில் வழக்கமான மருந்துடன் துணை மருத்துவமாக இதனைப் பயன்படுத்துகின்றனர். ஆய்வுச் சான்றுகள் இன்னும் குறைவே. தொற்று நோய்களை இது குணப்படுத்தாது. பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவரே இதனைச் செய்தல் வேண்டும்.

காய்ச்சிய இரும்பால் சூடு போடுவதும் இதுவும் ஒன்றல்ல. சூடு வெறும் தீப்புண்ணே. மாட்டுக்கும் ஆட்டுக்கும் போட்ட சூட்டுத் தழும்பு தோலைப் பதனிட்ட பின்னும் மறையாது, விலையும் குறையும்.

பின்னங்கால் விழுந்துவிட்டதா?

நாய் திடீரெனப் பின்னங்கால்களை இழுத்து நடந்தால் முதுகெலும்பு வட்டு பிதுங்கியிருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்டவும். தாடை தொங்கி, எச்சில் ஒழுகி, குரல் மாறியிருந்தால் வெறிநோயாகவும் இருக்கலாம். தொண்டையில் எலும்பு சிக்கியது எனக் கருதி வாய்க்குள் கை விடுதல் கூடாது. வெறிநோய் வெளிப்பட்ட பின் எம்முறையிலும் மருந்து இல்லை.

கைமருந்தில் கவனம்

மாட்டுப் புண்ணுக்குக் குப்பைமேனி, வேப்பிலை, பூண்டு, மஞ்சள் சேர்த்துக் காய்ச்சிய எண்ணெய் நன்கு பயன்படுகிறது. அதே எண்ணெயை நாய், பூனைக்குத் தடவாதீர். அவை புண்ணை நக்கும். பூண்டும் வெங்காயமும் அவற்றின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். பூனைக்குக் கேடு அதிகம். சிறு காயத்தைக் கொதித்து ஆறிய உப்பு நீரால் கழுவினால் போதும்.

உண்ணிக்குப் பயிர் மருந்தா?

பயிருக்குத் தெளித்து மீந்த பூச்சிக்கொல்லியை நாய்க்குப் பூசுவது பெருந்தவறு. எச்சில் வடிதல், நடுக்கம், வலிப்பு கண்டு நாய் இறக்க நேரிடும். பெர்மெத்ரின் கலந்த நாய் உண்ணி மருந்தைப் பூனைக்கு ஒரு துளியும் போடலாகாது. பூனையின் ஈரலால் அதனை முறிக்க இயலாது. பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லப் போதுமானது. உண்ணியை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து எடுக்கவும், விரலால் நசுக்காதீர்.

தோல் கழிவு

பதனிடும் சாலைகளில் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் இட்டு ஊறிய தோலிலிருந்து சவ்வையும் கொழுப்பையும் சுரண்டி எடுப்பர். இதனை நாய் தின்றால் வாயும் உணவுக்குழலும் வெந்துவிடும். அப்போது வாந்தி எடுக்கச் செய்யாதீர். எடுத்தால் மீண்டும் வேகும். வாயின் வெளிப்புறத்தை நீரால் கழுவி மருத்துவரிடம் கொண்டு செல்லவும். இரவில் நாயைக் கட்டி வைப்பதும், வீட்டிலேயே வயிறார உணவிடுவதும் நல்ல தடுப்பு.

தடுப்பூசி

குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, மருத்துவர் குறிக்கும் நாளில் மீண்டும் போட்டு, பின் ஆண்டுதோறும் தொடர வேண்டும். நாய் கடித்தால் காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவவும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்காதீர். உடனே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசித் தவணைகள் அனைத்தையும் தவறாது முடிக்கவும். கடித்தது தடுப்பூசி போட்ட வீட்டு நாயே ஆயினும் மருத்துவரைக் கேளாமல் இருந்துவிடாதீர்.

முதலில் நோயை அறிதல், அடுத்து உரிய மருந்து, அதன் பின்னரே துணை மருத்துவம். இவ்வரிசையைக் கடைப்பிடித்து, காவல் காக்கும் பிராணிகளையும் குடும்பத்தாரையும் காத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.