நாழிகையும் ஊழியும்

பெரிய திருமொழியில் இரண்டாம் பத்தின் ஏழாம் திருமொழி, திருவிடவெந்தை எம்பெருமானை நோக்கித் திருத்தாயார் பேசும் பதிகம். அதன் நான்காம் பாட்டில், ஒரு நாழிகை தனக்கு ஊழியையும் விஞ்சி நீள்வதாகத் தன் மகள் புலம்புவதைத் தாய் விண்ணப்பிக்கிறாள். இதனை உயர்வுநவிற்சி என்று சொல்லிக் கடந்துவிடலாகாது. நாழிகை எவ்வளவு, ஊழி எவ்வளவு என்று அறிந்தால்தான் பாட்டின் கனம் புலப்படும்.

இவ்விரண்டையும் ஓரிடத்தில் அளந்து காட்டுவது ஸ்ரீவிஷ்ணு புராணம். ஆறாம் அம்சத்தின் மூன்றாம் அத்யாயத்தில் ப்ரளயத்தைச் சொல்லப் புகுந்த ஸ்ரீபராசர மஹர்ஷி, அதற்குக் கண்ணிமைக்கும் பொழுதிலிருந்து கணக்கெடுக்கிறார். 15 நிமேஷம் ஒரு காஷ்டை. 30 காஷ்டை ஒரு கலை. 15 கலை ஒரு நாழிகை. 2 நாழிகை ஒரு முஹூர்த்தம். 30 முஹூர்த்தம் ஒரு நாள். ஆக, நாழிகைக்கு 6,750 நிமேஷம். இக்காலக் கணக்கில் 24 நிமிடம். (இன்று நாம் சொல்லும் நிமிஷம் பெயரால் மட்டுமே நிமேஷம். மஹர்ஷியின் நிமேஷம் இக்கால விநாடியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கே.)

நாழிகையை அறியும் கருவியையும் அங்கேயே அருளிச்செய்கிறார். மகத நாட்டு அளவில் ஒரு ப்ரஸ்தம், அதாவது பன்னிரண்டரைப் பலம் நீர் கொள்ளும் பாத்திரம். அதில் ஒரு துளை. துளை பெருத்தால் நாழிகை குறுகும், சிறுத்தால் நீளும். ஆதலால் நான்கு மாஷம் எடையுள்ள பொன்னை நான்கு அங்குல நீளக் கம்பியாக்கி, அதனாலேயே துளையிட வேண்டும் என்று விதித்தார். எடையும் நீளமும் நிச்சயமானால் கம்பியின் பருமன் தானே நிச்சயமாகும். காலத்தை நிறுத்தலாலும் நீட்டலாலும் கட்டிவைத்த இந்த நுட்பம் வியக்கத்தக்கது. பகலில் நிழலை அளந்தும் பொழுதறியலாம். கதிரவன் மறைந்தபின் நாழிகை வட்டிலே துணை. பரகால நாயகி புலம்புவதும் கதிரவன் உறங்கிப்போன அத்தகைய இரவில்தான்.

இனி ஊழி. அதனைக் கல்பமாகக் கொண்டால், ஆயிரம் சதுர்யுகம் சேர்ந்த பிரமனின் ஒரு பகல். 432 கோடி ஆண்டு. ஆண்டுக்கு 360 நாள் என்று கொண்டாலும் அதில் 93,31,200 கோடி நாழிகைகள் அடங்கும். அத்தனையையும் ஒரே நாழிகை விஞ்சிவிட்டது என்கிறாள்.

திருவாய்மொழி பத்தாம் பத்தின் மூன்றாம் திருமொழியிலும், கண்ணன் ஆநிரை மேய்க்கப் போகும் ஒரு பகல் ஆயிரம் ஊழியாகிறது என்று ஆய்ச்சியர் நிலையில் நின்று நம்மாழ்வார் அருளுகிறார். பகலுக்கு 30 நாழிகை. அக்கணக்கில் ஒரு நாழிகை 33 ஊழிக்கும் மேற்படும்! இரண்டு ஆழ்வார்களின் கணக்கும் முரணவில்லை.

வட்டிலின் துளை பெருக்கவுமில்லை, சிறுக்கவுமில்லை. நீர் வழக்கம்போலவே செல்கிறது. அவளுக்குத்தான் பொழுது போகவில்லை. காலமும் எம்பெருமானுடைய ரூபங்களுள் ஒன்று என்று முதலம்சத்திலேயே பராசரர் சொல்லிவைத்தார். அதனால் தாய் முறையிடுவது காலத்திற்கே உரியவனிடம். இவள் விஷயத்தில் உன் திருவுள்ளத்தில் என்னதான் நினைத்திருக்கிறாய் என்று பாட்டுத்தோறும் அவனையே கேட்கிறாள்.