கப்பல் சுற்றுலாவில் சேவை அன்பளிப்பு: அறிந்து கொடுப்போம்

கப்பல் சுற்றுலா செல்வோருக்குத் தரப்படும் கணக்குச் சீட்டில் 'கிராஜுவிட்டி' என்றொரு வரி காணப்படும். மாத ஊதியம் பெறுவோருக்கு இச்சொல் புதிதன்று. நீண்டகாலம் உழைத்து ஓய்வு பெறுபவருக்கு நிறுவனம் வழங்கும் பணிக்கொடையை இச்சொல்லாலேயே நாம் குறிப்பிட்டு வருகிறோம். 1972ஆம் ஆண்டின் சட்டம் அதனை நமக்குப் பழக்கமாக்கியது. கப்பலில் அதன் பொருள் வேறு. அறையைத் துப்புரவு செய்பவருக்கும் உணவு பரிமாறுபவருக்கும் பயணி அளிக்கும் சேவை அன்பளிப்பை, அதாவது பேச்சு வழக்கில் நாம் 'டிப்ஸ்' என்பதை, அங்கு அச்சொல் குறிக்கிறது.

சிங்கப்பூர் சென்று அங்கிருந்து கப்பலேறும் இந்தியக் குடும்பங்கள் இன்று பல. 2021 செப்டம்பர் முதல் மும்பையிலிருந்து கார்டிலியா நிறுவனத்தின் கப்பல் கோவா, கொச்சி, இலட்சத்தீவு ஆகிய இடங்களுக்குச் சென்று வருவதால், கடவுச்சீட்டு இல்லாதவரும் கப்பல் சுற்றுலாவைப் பற்றி எண்ணத் தொடங்கியுள்ளனர். பயணச் சீட்டின் விலையைப் பலமுறை ஒப்பிட்டுப் பார்க்கும் நாம், இந்த ஒரு வரியை மட்டும் பயணம் முடியும் நாளில்தான் கவனிக்கிறோம். அப்போது எழும் கேள்விகள் இரண்டு: இது கட்டாயமா? இது யாருக்குச் செல்கிறது? இவ்விரண்டுக்கும் விடை தெரிந்திருந்தால், கொடுப்பவருக்கு மனக்குறை இராது. பெறுபவருக்கும் இழப்பு நேராது.

தொகை யாருக்குச் செல்கிறது?

முற்காலத்தில் பயணத்தின் கடைசி இரவன்று பயணிகள் உறைகளில் பணமிட்டுத் தமக்குப் பரிமாறியவரிடமும் அறைப் பணியாளரிடமும் நேரில் கொடுப்பது வழக்கம். அக்காலத்தில் பயணம் முழுவதும் ஒரே மேசை, ஒரே பரிமாறுபவர் என்ற ஏற்பாடு இருந்தது. 2000ஆம் ஆண்டையொட்டி, விரும்பிய நேரத்தில் விரும்பிய உணவகத்தில் உண்ணலாம் என்னும் முறை பரவியது. ஒரு பயணிக்கு ஏழு நாளில் இருபது பேர் பரிமாறக்கூடும் என்ற நிலையில் உறை முறை பொருந்தாமற்போயிற்று. ஆகவே ஒவ்வொரு பயணிக்கும் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைக் கணக்கிலேயே சேர்த்துப் பொதுவில் திரட்டிப் பகிரும் முறை பெரும்பாலான நிறுவனங்களில் நிலைபெற்றது.

இவ்வாறு திரட்டப்படும் தொகை, நம் கண்ணுக்குத் தெரியும் அறைப் பணியாளருக்கும் பரிமாறுபவருக்கும் மட்டுமன்றிப் பல நிறுவனங்களில் சமையற்கூடம், சலவைக்கூடம் போன்ற இடங்களில் உழைப்போருக்கும் பகிர்ந்தளிக்கப்படுகிறது. இவர்களுள் பலருக்கு அடிப்படை ஊதியம் குறைவு. வருமானத்தின் பெரும்பகுதி இப்பகிர்விலிருந்தே கிடைக்கிறது. பெயரளவில் அன்பளிப்பாக இருப்பினும், நடைமுறையில் அது ஊதியத்தின் ஒரு கூறு.

அவர்களுடைய பணியின் தன்மையையும் நாம் அறிந்திருத்தல் நன்று. ஒப்பந்தம் பொதுவாக ஆறு முதல் ஒன்பது மாதம் வரை நீடிக்கும். அக்காலத்தில் வாரத்தின் ஏழு நாளும் பணி உண்டு. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாளில் குறைந்தது 77 மணி நேரமும் ஓய்வு வேண்டும் என்று வரையறுத்துள்ளது. 2013 ஆகஸ்டு 20 அன்று நடைமுறைக்கு வந்த இவ்வுடன்படிக்கையை இந்தியா 2015இல் ஏற்றது. ஓய்வுக்கே இப்படிக் கீழ்வரம்பு வகுக்க வேண்டியிருந்ததென்றால், உழைப்பின் நீளத்தை நாமே உணர்ந்துகொள்ளலாம். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா ஆகிய நாட்டினர் இப்பணிகளில் மிகுதி. குறிப்பாகக் கோவாவிலும் மும்பையிலும் தலைமுறை தலைமுறையாகக் கப்பல் வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் உண்டு.

எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

அண்மை ஆண்டுகளில் அமெரிக்காவைச் சார்ந்த பெரிய கப்பல் நிறுவனங்கள், சாதாரண அறைக்கு ஒரு பயணிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 முதல் 20 அமெரிக்க டாலர் வரை வசூலிக்கின்றன. 'சூட்' எனப்படும் பெரிய அறைகளுக்கு இது இன்னும் சில டாலர் கூடுதல். தொகை அறைக்கு அன்று, ஆளுக்கு என்பதை மறத்தலாகாது. குழந்தைகளுக்கும் அதே தொகைதான். மிகச் சிறிய குழந்தைகளுக்கு மட்டும் சில நிறுவனங்கள் விலக்கு அளிக்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். தாய், தந்தை, பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர் என நால்வர் ஏழு இரவுப் பயணம் செல்கின்றனர். நாளொன்றுக்கு ஆளுக்கு 18 டாலர் எனில் 4 × 7 × 18 = 504 டாலர். ஒரு டாலரை 90 ரூபாய் எனக் கொண்டால் 45,360 ரூபாய். இந்திய ரூபாயில் வழங்கப்பட்ட கடன் அட்டையால் இதைச் செலுத்தினால், அந்நியச் செலாவணிக் கூடுதல் கட்டணமும் சேரும். அது 3.5 சதவீதம் எனில் 1,588 ரூபாய். அக்கட்டணத்தின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. 286 ரூபாய். ஆக 47,200 ரூபாய்க்கும் மேலான செலவு, பயணச் சீட்டின் விளம்பர விலையில் இடம்பெறாமல் இருந்திருக்கிறது.

ஆகவே பயணத்தைத் திட்டமிடும்போதே இதனைக் கட்டணத்தின் ஒரு பகுதியாகக் கொள்வதே முறை. பெரும்பாலான நிறுவனங்களில் முன்பதிவின்போதே இத்தொகையைச் செலுத்திவிடலாம். பிற்பாடு விகிதம் உயர்ந்தாலும், முன்கூட்டிச் செலுத்தியவரைப் பொதுவாக அவ்வுயர்வு பாதிப்பதில்லை.

எல்லா நிறுவனங்களும் தனியே வசூலிப்பதில்லை. சீபார்ன், சில்வர்சீ, ரீஜெண்ட் செவன் சீஸ் போன்ற உயர்தரக் கப்பல்கள் கட்டணத்திலேயே இதனைச் சேர்த்துவிடுகின்றன. பிரிட்டனின் பி அண்டு ஓ குரூசஸ் நிறுவனம் 2019இல் தனிச் சேவைக் கட்டணத்தை நீக்கியது. நாம் தேர்ந்தெடுக்கும் கப்பல் எவ்வகையைச் சார்ந்தது என்பதை முகவரிடம் எழுத்து மூலமாகக் கேட்டறிய வேண்டும். இந்தியாவிலிருந்து புறப்படும் கப்பல்களுக்கும் இது பொருந்தும். கட்டண விவரத்தில் சேவை அன்பளிப்பு, துறைமுகக் கட்டணம், வரி ஆகியவை தனித்தனியே காட்டப்பட்டுள்ளனவா என்று பார்த்த பின்னரே பணம் செலுத்துதல் நலம்.

ஒரே சேவைக்கு இருமுறை

நாள்தோறும் கணக்கில் சேரும் தொகை எல்லாச் சேவைகளையும் உள்ளடக்கியதன்று. பானங்கள், அழகு நிலையம், உடல் பிடித்துவிடுதல், சிறப்பு உணவகம் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் 18 முதல் 20 சதவீதம் தனியே சேர்க்கப்படும். 12 டாலர் பானத்துக்கு 18 சதவீதம் சேர்ந்தால் சீட்டில் 14 டாலர் 16 சென்ட் என்று இருக்கும். அதே சீட்டின் அடியில், கூடுதல் அன்பளிப்பு எழுதுவதற்கென ஒரு வெற்றிடமும் காணப்படும். அதை நிரப்ப வேண்டிய கடமை ஏதுமில்லை. கையொப்பமிடுமுன் மேலே உள்ள வரியைப் படிப்பது போதும்.

கணக்கில் சேராத சேவைகளும் சில உள. அமெரிக்கத் துறைமுகங்களில் பெட்டிகளைத் தூக்கிச் செல்வோர் கப்பலின் பணியாளர் அல்லர். பெட்டிக்கு ஒன்று அல்லது இரண்டு டாலர் கொடுப்பது அங்கு வழக்கம். அறைக்கே உணவு வரவழைத்தால் இரண்டு முதல் ஐந்து டாலர் கொடுக்கலாம். கரையில் ஊர் சுற்றிக் காட்டும் வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் அந்தந்த நாட்டு வழக்கப்படி நடந்துகொள்ள வேண்டும். ஜப்பானில் அன்பளிப்பு கொடுப்பது வழக்கமன்று. வற்புறுத்திக் கொடுப்பது பெறுபவரைச் சங்கடப்படுத்தும். சிங்கப்பூரிலும் எவரும் எதிர்பார்ப்பதில்லை.

கப்பல் தலைவர், அதிகாரிகள் ஆகியோருக்குப் பணம் கொடுத்தல் முறையன்று. அவர்களுக்கு நன்றிச் சொல்லே போதுமானது.

மனமுவந்து மேலும் கொடுக்க விரும்பினால்

முதியவரான பெற்றோருக்கு நாள்தோறும் வெந்நீர் கொண்டுவந்து வைத்த அறைப் பணியாளர், வெங்காயமும் பூண்டும் இல்லாத உணவைச் சமையற்கூடத்தில் சொல்லிவைத்துத் தந்த பரிமாறுபவர் ஆகியோருக்குக் கணக்கில் உள்ளதற்கு மேலும் கொடுக்க நமக்குத் தோன்றும். அது உண்மையிலேயே அன்பளிப்பு. அதற்கு அளவு ஏதுமில்லை. கடைசி நாள் மாலையிலேயே, உறையிலிட்டு, பெயர் சொல்லி நன்றி கூறிக் கொடுப்பது நன்று. இறங்கும் நாள் காலையில் அவர்கள் அடுத்த பயணிகளுக்காக அறைகளை ஒழுங்கு செய்யும் அவசரத்தில் இருப்பர்.

கொடுக்கும் பணம் பயன்படும் பணமாகவும் இருக்க வேண்டும். நாணயங்களைப் பண மாற்று நிலையங்கள் ஏற்பதில்லை. கிழிந்த அல்லது மை பட்ட டாலர் தாள்களைப் பல நாடுகளில் வாங்க மறுப்பர். ஆகவே புதிய 1, 5, 10 டாலர் தாள்களைப் புறப்படுமுன் நம் கிளையிலோ அங்கீகரிக்கப்பட்ட பண மாற்று முகவரிடமோ பெற்றுக்கொள்ளலாம். ரிசர்வ் வங்கி விதிகளின்படி, பெரும்பாலான நாடுகளுக்குச் செல்வோர் ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரையே தாள்களாக எடுத்துச் செல்லலாம். எஞ்சியதை அட்டை வடிவில் கொண்டுசெல்லலாம். திரும்பிய பின் மிஞ்சும் அந்நியச் செலாவணியில் 2,000 டாலர் வரை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டதை 180 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும்.

பணத்துக்கு ஈடான மற்றொன்றும் உண்டு. பயணத்தின் முடிவில் தரப்படும் கருத்துப் படிவத்தில், நன்கு பணியாற்றியவரைப் பெயர் குறிப்பிட்டு எழுதுவது அவருடைய பதவி உயர்வுக்கும் அடுத்த ஒப்பந்தத்துக்கும் துணைபுரியக்கூடும். இதற்குச் செலவு எதுவுமில்லை. ஐந்து நிமிடம் போதும்.

நீக்கச் சொல்லலாமா?

நம் நாட்டு உணவகங்களில் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே ரசீதில் சேர்க்கலாகாது என மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று அவற்றை உறுதிசெய்தது. இதனை அறிந்த நம்மவர் சிலர், கப்பலிலும் அவ்வாறே நீக்கச் சொல்லலாம் என்று கருதுகின்றனர். அயல்நாட்டுக் கொடி தாங்கிச் செல்லும் கப்பலில் நிலைமை வேறு. பயண ஒப்பந்தத்தில் நாம் ஏற்றுக்கொண்ட நிபந்தனைகளே அங்கு அளவுகோல். பல நிறுவனங்கள் விருந்தினர் சேவை முகப்பில் கேட்டால் தொகையைக் குறைக்கவோ நீக்கவோ இசைகின்றன என்பது உண்மையே. ஆயின் நீக்கப்படுவது நிறுவனத்தின் இலாபத்திலிருந்து அன்று. நாம் காணாத சலவைப் பணியாளரின் பங்கும் அதில் அடங்கும்.

"கணக்கில் நீக்கிவிட்டு, நேரில் கொடுத்துவிடுகிறோம்" என்பாரும் உளர். சில நிறுவனங்களில், கணக்கில் நீக்கிய பயணி கையில் கொடுக்கும் பணத்தையும் பணியாளர் பொதுத் தொகுப்பில் சேர்த்துவிட வேண்டும் என்பது விதி. ஆகவே நாம் எண்ணியவருக்கே அது முழுமையாகச் சேரும் என்று கொள்வதற்கில்லை.

சேவையில் மெய்யாகவே குறை இருந்தால், முதல் நாளிலேயே முகப்பில் தெரிவிப்பதே நேர்மையான வழி. குறையைத் திருத்த அவர்களுக்கும் வாய்ப்புக் கிடைக்கும். திருந்தாவிடில் தொகையைச் சரிசெய்யக் கோரலாம். கப்பலை விட்டு இறங்கிய பின்னர் கோருவது பெரும்பாலும் பயனளிப்பதில்லை.

அட்டையைப் பற்றி ஒரு சொல்

கப்பலில் நாள்தோறும் ஆகும் செலவு ஒரு கணக்கில் ஏறி, இறுதியில் நம் அட்டையில் வசூலிக்கப்படும். அதற்குப் பிணையாக ஒரு தொகையை முதலிலேயே அட்டையில் நிறுத்திவைப்பர். பற்று அட்டையைக் கொடுத்தால் நம் சேமிப்புக் கணக்கிலுள்ள பணமே முடங்கும். பயணம் முடிந்து சில நாள் கழித்தே அது விடுபடும். ஆகவே பிணைக்குக் கடன் அட்டையைத் தருவது வசதி. கப்பலின் கணக்கு எந்த நாணயத்தில் உள்ளது என்பதையும் கேட்டறிய வேண்டும். சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பல்களில் சிலவற்றில் அமெரிக்க டாலரும், சிலவற்றில் சிங்கப்பூர் டாலரும் வழங்குகின்றன. அந்த நாணயத்திலேயே அந்நியச் செலாவணி அட்டையில் பணம் ஏற்றிக்கொண்டால், இறுதிக் கணக்கை அதிலிருந்து செலுத்தி மேற்சொன்ன கூடுதல் கட்டணத்தைத் தவிர்க்கலாம். கடைசி இரவன்று கணக்குச் சீட்டை ஒருமுறை முழுவதும் படித்துவிடுவதும் அவசியம். பிழை இருப்பின் திருத்தக் காலை நேர நெரிசலில் இயலாது.

விடுமுறைக்கென நாம் சேமிக்கும் பணத்தில், நமக்காக உழைப்போரின் பங்கையும் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட்டால், இறுதி நாளில் அது சுமையாகத் தோன்றாது. அப்பணம் சில வாரங்களில் கோவாவிலோ மணிலாவிலோ ஒரு குடும்பத்தின் வங்கிக் கணக்கில் வரவாக ஏறும். ஒரு பிள்ளையின் பள்ளிக் கட்டணமாகவோ ஒரு வீட்டுக் கடனின் மாதத் தவணையாகவோ மாறும். தவணையின் அருமையை வங்கி வாடிக்கையாளராகிய நமக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.