ரகசியம் காப்பேன், ஆனால்...

பள்ளிப் பிள்ளைகளுக்கு வழிகாட்டியாகப் போகிறீர்களா? "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்துவிடாதீர்கள். பாலியல் துன்புறுத்தல் எனத் தெரிந்தால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி காவல்துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும், மறைப்பது குற்றம். "உனக்கு ஆபத்து என்றால் சொல்லுவேன், உன்னிடமும் தெரிவிப்பேன்" என்று முதல் நாளே பேசிவிடுங்கள். உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098.

பிள்ளை சொல்லும் அப்பாவின் குடி, வீட்டுக் கடன் போன்றவை உங்கள் நோட்டில் ஏறவேண்டாம். சந்தித்த தேதி, பேசிய பாடம், அடுத்த வேலை போதும். பெயருக்குப் பதில் ஓர் எண்; எண்ணுக்குரிய பெயர்ப்பட்டியல் ஒருங்கிணைப்பாளரின் பீரோவில் பூட்டியிருக்கட்டும்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்தான் பெரிய தொல்லை. பிள்ளையின் முகத்தை மறைத்துப் படம் போட்டாலும், சீருடை பள்ளியைக் காட்டிக்கொடுத்துவிடும்.